செம்மண் ஏறிய முகங்கள்: நிறத் திருத்தம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

டிஜிற்றல் படங்களின் நிறத்தைத் திருத்துவது பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்ட விடயங்கள் வேறுவேறாக இருந்தாலும் சிக்கலின் அடி ஒன்றுதான். எந்த ஸ்லைடரையும் இழுப்பதற்கு முன், அந்தப் படத்தில் உண்மையிலேயே வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்த பொருள் எது, அதன்மேல் விழுந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கீழேயுள்ள பதில்கள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி (பாடசாலை நிகழ்வுகளைப் படமெடுப்பவர், மாங்குளம்): கிரவல் மைதானத்தில் விளையாட்டுப் போட்டி எடுத்தால் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை செம்மஞ்சளாக வருகிறது. நாடிக்குக் கீழே முகம் சிவந்து தெரிகிறது. வைற் பலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலையை) நீலப் பக்கம் இழுத்தால் சீருடை சரியாகிறது, ஆனால் வானமும் மரங்களும் பிழைத்துப் போகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் படத்தில் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன. மேலிருந்து விழுவது நேர் வெயில், வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஏறத்தாழ 5500. கீழிருந்து வருவதும் அதே வெயில்தான், ஆனால் செம்மண்ணில் பட்டுத் திரும்புவது. நீலத்தின் பெரும்பங்கை மண் விழுங்கிவிட்டுச் சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் திருப்பி அனுப்புகிறது. தலைமயிர், நெற்றி, தோள்பட்டை முதல் வெளிச்சத்தில் நிற்கின்றன. நாடி, கழுத்து, மூக்கின் அடி, சட்டையின் கீழ்மடிப்பு இரண்டாவது வெளிச்சத்தில் நிற்கின்றன. வைற் பலன்ஸ் படம் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்துவதால், ஒரு வெளிச்சத்தைச் சரிப்படுத்தினால் மற்றது கெடும்.

ஆகவே முதலில் மேல்வெளிச்சத்துக்கு மட்டும் வைற் பலன்ஸ் வையுங்கள். மென்பொருளில் நடுநிலை நிறத்தைத் தொட்டுக் காட்டும் சொட்டி போன்ற தெரிவுக் கருவியை சட்டையின் தோள்பட்டையில் வையுங்கள், மடிப்பில் வைக்க வேண்டாம். அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீல எண்கள் 200இலிருந்து 235வரை இருப்பது நல்லது. மூன்றும் உச்ச எண்ணான 255 என்று காட்டினால் அங்கே தகவலே இல்லை. வெயிலில் வெடித்துப்போன வெள்ளையில் எந்தச் சாயல் இருந்தது என்று மென்பொருளால் அறிய முடியாது.

அதன்பிறகு கீழ்வெளிச்சம் விழுந்த இடங்களை மட்டும் தனியாகத் திருத்துங்கள். லைற்ரூம் மென்பொருளில் தூரிகை மாஸ்க் (பூசிய இடத்தை மட்டும் திருத்த விடும் கருவி) எடுத்து நாடி, கழுத்து, சட்டையின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் பூசி, வெப்பநிலையை (நீலம்–மஞ்சள் ஸ்லைடரை) −15 முதல் −25 வரையும், நிறச்செறிவை −10 அளவிலும் இறக்குங்கள். போனில் இலவசமாகச் செய்ய ஸ்னாப்சீட் செயலி போதும். வைற் பலன்ஸ் கருவியில் படத்தைச் சற்று நீலமாக்கிச் சேமித்து, செய்த திருத்தங்களின் பட்டியலுக்குப் போய் அந்தத் திருத்தத்தைத் தூரிகையால் தேவையான இடத்தில் மட்டும் பூசலாம். சிவப்பை முற்றாகத் துடைக்காதீர்கள். பாதியளவு விட்டுவிட வேண்டும். கீழே செம்மண் தெரிய, நாடியில் அதன் சாயல் கொஞ்சமும் இல்லாவிட்டால் பிள்ளையை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.

இன்னொரு பொறி சீருடையிலேயே இருக்கிறது. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுத் தோய்ப்பது வழக்கம். சலவைத்தூள்களிலும் வெயிலின் புறஊதாக்கதிரை வாங்கி நீலமாக ஒளிரும் பொருட்களைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு அது பளிச்சென்ற வெள்ளை, கமராவுக்கு இலேசான நீலம். அதில் சொட்டியை வைத்தால் மென்பொருள் அந்த நீலத்தையே நடுநிலை என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். 18 வீதச் சாம்பல் அட்டை ஒன்று பையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் பொருட்களைப் பொதி செய்து வரும் வெள்ளை ரெஜிபோம் துண்டு ஒன்று போதும், அதன் நிறம் நடுநிலைக்கு மிக நெருக்கமானது. போட்டி தொடங்குமுன் ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து, வானத்தைப் பார்க்கச் சற்றுச் சரித்துப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். அந்த அளவை மற்றப் படங்களுக்கும் பிரதி செய்யலாம். வெயில் சரியச் சரிய அளவும் மாறும் என்பதால் இடைக்கிடை புதிதாக எடுக்க வேண்டும்.

குழுப்படம் என்றால் இடத்தை நீங்களே தெரிவு செய்யலாம் அல்லவா? காலை 11 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும் இடையில் கிரவலில் நிறுத்தாதீர்கள். வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் நிலத்திலிருந்து திரும்பும் சிவப்பு அதிகம்.

கேள்வி (விவசாயி, இரணைமடுப் பகுதி): காலபோக வயலைப் போனில் எடுத்தால் பச்சை பிளாஸ்ரிக் போலத் தெரிகிறது. பச்சை ஸ்லைடரைக் குறைத்தும் பெரிதாக மாறவில்லை.

பதில்: நெற்பயிரின் பச்சையில் பெரும்பகுதி மென்பொருளின் கணக்கில் மஞ்சள்தான். மஞ்சளின் நிறச்செறிவை −15 முதல் −25 வரை இறக்குங்கள், பச்சையை −10 போதும். போனில் காட்சியை அடையாளங்கண்டு நிறத்தைக் கூட்டும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (கமராக்காரர், புதுக்குடியிருப்பு): சாமத்திய வீடு ஒன்று நீலத் தறப்பாள் கொட்டகைக்குள் நடந்தது. பிள்ளையின் முகம் நீலமும் பச்சையுமாக, உயிரில்லாமல் இருக்கிறது. வெப்பநிலையைக் கடைசிவரை இழுத்தும் பொட்டுப்பொட்டாக இரைச்சல்தான் வருகிறது. ஜேபெக்கில்தான் எடுத்தேன்.

பதில்: நீலத் தறப்பாளுக்குள்ளால் இறங்கும் வெளிச்சத்தில் சிவப்பு மிகக் குறைவு. கமரா ஒவ்வொரு படத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத் தளங்களாகப் பதிகிறது. நீல, பச்சைத் தளங்கள் நிறைந்திருக்க, சிவப்புத் தளம் மட்டும் இருட்டில் எடுத்த படம்போல இருக்கும். வெப்பநிலையைக் கூட்டும்போது அந்த இருட்டுத் தளத்தைத்தான் பலமடங்கு பெருக்குகிறீர்கள், கூடவே அதன் இரைச்சலும் பெருகுகிறது. ஜேபெக்கில் ஒரு தளத்துக்கு 256 படிகள் மட்டுமே. கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிற் றோ கோப்பில் 16,384 படிகள். சிவப்புத் தளத்தின் அடியிலுள்ள இருபது முப்பது இருட்டுப் படிகளுக்குள் ஒரு முகம் முழுவதும் அடைபட்டிருந்தால், இழுக்கும்போது அது கட்டங்கட்டமாக உடையும்.

இருக்கிற கோப்பில் செய்யக்கூடியது, பச்சைத் தளத்திலிருந்து கடன் வாங்குவது. இலவச மென்பொருளான ஜிம்ப்பில் நிறங்கள் பட்டியலில் சனல் மிக்சர் (தளங்களைக் கலக்கும் கருவி) இருக்கிறது. அதில் சிவப்பு வெளியீட்டுக்கு சிவப்பு 0.70, பச்சை 0.40, நீலம் −0.10 என்று வைத்துப் பாருங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 1.0 ஆக இருக்க வேண்டும், கூடினால் படம் வெளிறும். பச்சைத் தளத்தில் இரைச்சல் குறைவு என்பதால் முகத்தின் உருவம் தெளியும். ஆனால் உதட்டுக்கும் கன்னத்துக்கும் இடையிலான நிற வித்தியாசம் ஓரளவு செத்துவிடும். மேலே ஒரு புதிய லேயர் வைத்து, அதன் கலக்கும் முறையை நிறம் என்று மாற்றி, அதே நாளில் வெளியே எடுத்த படம் ஒன்றிலிருந்து பிள்ளையின் தோல்நிறத்தை எடுத்து 15 வீத அடர்த்தியில் முகத்தில் மட்டும் பூசினால் ஓரளவு உயிர் வரும். அதற்குமேல் இழுக்கக்கூடாது. மிச்சத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுப்பதுதான் நேர்மையான வழி. நீலத் தறப்பாளின்கீழ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பச்சைத் தளத்திலிருந்து எடுத்தால், நன்றாகவே வரும்.

அடுத்த முறைக்கு: பிளாஷ் இல்லாமல் தறப்பாளுக்குள் போகாதீர்கள். பிளாஷை மேலே திருப்பித் தறப்பாளில் அடிக்கவும் கூடாது, திரும்பி வருவதும் நீலமாகத்தான் வரும். வெள்ளைக் குடைக்குள்ளாலோ, வெள்ளைத் துணி பிடித்தோ நேரே அடியுங்கள். ஷட்டர் வேகத்தை 1/200 விநாடி வரை உயர்த்தினால் கொட்டகை வெளிச்சத்தின் பங்கு குறையும், முகம் பிளாஷின் நிறத்திலும் பின்னணி மட்டும் சற்று நீலமாகவும் நிற்கும். வீட்டாரோடு முதல்நாளே பேச முடிந்தால் மணவறைக்கு மேலே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி (ஸ்ரூடியோ உதவியாளர், கிளிநொச்சி): வாடிக்கையாளர்கள் "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்கிறார்கள். செம்மஞ்சள் ஒளிர்வை +30 அளவில் கூட்டினால் முகம் சாம்பல் பூசியதுபோல ஆகிறது. எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்: முகத்தின் நிறத்தை மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் உண்மையில் கேட்பது, முகம் இருட்டாக விழுந்திருக்கிறது என்பதைத்தான். அதற்கு வெளிச்சம்தான் மருந்து. ஸ்ரூடியோக்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கறுத்த, மாநிறப் பிள்ளைகளையெல்லாம் ஒரே வெளிறிய நிறத்துக்குக் கொண்டுவந்து விடுவது வேதனையான வழக்கம். அந்தப் படம் இருபது வருடம் சுவரில் தொங்கும். பேரப்பிள்ளைகள் பார்ப்பது அம்மம்மாவின் முகமாக இருக்க வேண்டும்.

சாம்பல் வருவதற்குக் காரணம்: மாநிறத் தோலின் நிறம் முழுவதும் செம்மஞ்சள் வரிசைக்குள்ளேயே அடங்குகிறது. அதன் ஒளிர்வைக் கூட்டும்போது நிழலும் ஒளிப்பட்ட இடமும் ஒன்றுக்கொன்று நெருங்கி, கன்னத்தின் வளைவு தட்டையாகிறது. தங்க நகையும் கூறையின் சரிகையும் அதே வரிசையில் இருப்பதால் அவையும் வெளிறுகின்றன. ஸ்லைடரைக் கைவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.3 முதல் +0.5 ஸ்ரொப் உயர்த்துங்கள் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் இருமடங்கு). பின்னணியை −0.3 இறக்குங்கள். கண் ஒப்பிட்டுத்தான் பார்க்கும் என்பதால் முகம் இன்னும் ஒளியாகத் தெரியும், தோலின் நிறமோ இடம்மாறாது. பிறகு கேர்வில் (ஒளியளவை மாற்றும் வளைகோட்டில்) நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, கறுப்புப் புள்ளியை இருந்த இடத்திலேயே ஊன்றி வையுங்கள். தலைமயிரின் கறுப்பு சாம்பலானால் முகமும் சேர்ந்து வெளிறியதாகத் தெரியும். நெற்றியிலும் மூக்கிலும் உள்ள மினுக்கத்தை முற்றாகத் துடைக்காதீர்கள். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவதே அந்த மினுக்கம்தான். எண்ணெய்போலத் தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள்.

சரியா என்று பார்க்க எண்களை வாசியுங்கள். நிறம் எடுக்கும் கருவியைச் சராசரி எடுக்கும்படி வைத்துக் கன்னத்தில் அழுத்துங்கள். தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் சிவப்பு எண் மேலே, பச்சை நடுவில், நீலம் கீழே நிற்க வேண்டும். உதாரணமாக 150, 105, 80. பச்சை சிவப்பை நெருங்கினால் முகம் நோயாளிபோல மஞ்சள் பச்சையாகும். நீலம் பச்சையைத் தாண்டினால் ஊதாச் சாயல் ஏறும். மூன்றும் ஒன்றையொன்று நெருங்குவதுதான் நீங்கள் சொல்லும் சாம்பல்.

இந்தத் துறையின் அளவுகோல்களே ஒருபக்கம் சாய்ந்துதான் தொடங்கின என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அச்சு இயந்திரங்களின் நிறத்தைச் சரிபார்க்க 1950கள் தொடக்கம் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்த 'ஷேர்லி அட்டை'களில் இருந்தவர்கள் வெள்ளைத்தோல் பெண்கள். பல தோல்நிறங்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. உங்கள் ஸ்ரூடியோவுக்கென்று மாநிறமும் கறுப்புமாக நாலைந்து முகங்களைச் சம்மதம் வாங்கி நல்ல வெளிச்சத்தில் எடுத்து, அச்சிட்டு, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டிப் பேசவும் அது உதவும்.

கேள்வி (வாசகி, முல்லைத்தீவு): அம்மா அப்பாவின் கலியாணப் படம் 1980களில் எடுத்தது. இடப்பெயர்வுகளின்போது பொலித்தீன் பையில் காவிக்கொண்டு போனது. இப்போது முழுவதும் சிவந்து, ஓரம் மஞ்சளாகி, ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டியும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது இந்த ஒன்று மட்டுமே. நிறத்தை மீட்கலாமா?

பதில்: பெருமளவு மீட்கலாம். ஆனால் முதல் வேலை கணினியில் இல்லை. கண்ணாடியிலிருந்து படத்தை இழுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம், சூடாக்கவும் வேண்டாம். ஒட்டியிருப்பது படத்தின் மேற்படை, அதாவது நிறம் இருக்கும் படை. உரிந்தால் அப்பாவின் முகம் கண்ணாடியில் நிற்கும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் மென்துணியால் துடைத்து, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யுங்கள். ஸ்கானரில் தெளிவாக விழாவிட்டால் கமராவில் எடுக்கலாம். படத்தைச் சமதளத்தில் வைத்து, கமராவை நேர் மேலே நிறுத்தி, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை இருபக்கமும் 45 பாகையில் வையுங்கள். கமராவின் முன்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடி லென்ஸுக்கு மட்டும் துளை விட்டால் கண்ணாடியில் தெறிப்பு வராது.

ஸ்கான் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), 48 பிற் நிறம், தகவலை இழக்காத ரிஃப் கோப்பு. நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும். ஸ்கானரின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள், அது மீட்கக்கூடிய தகவலையும் சேர்த்து வெட்டிவிடும். வெள்ளை ஓரம் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். மூலக் கோப்பை வெவ்வேறு இரண்டு இடங்களில் வைத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இனி நிறம். அந்தக் காலக் கலர்த்தாள்களில் மஞ்சள், மஜெந்தா (செவ்வூதா), சயன் (நீலப்பச்சை) என்று மூன்று சாயங்கள் இருந்தன. இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தாலும் சயன் முதலில் மங்கும். சிவப்பைத் தடுத்துக்கொண்டிருந்த சாயம் அதுதான். அது போனதும் கறுப்பாக இருக்க வேண்டிய தலைமயிர்கூட செங்கபிலமாகிறது. தாள் பழுத்ததால் வெள்ளைகள் மஞ்சளாகின்றன. ஆக நிழலில் சிவப்பும், வெள்ளையில் மஞ்சளும் என்று இரண்டு கோளாறுகள். ஒரே ஸ்லைடரால் இரண்டையும் தீர்க்க முடியாது.

ஜிம்ப்பில் லெவல்ஸைத் (கறுப்பு, நடு, வெள்ளை எல்லைகளை மூன்று முக்கோணங்களால் நகர்த்தும் கருவியை) திறந்து ஒவ்வொரு தளமாகப் பாருங்கள். சிவப்புத் தளத்தின் மலைபோன்ற வரைபு வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். இடது முக்கோணத்தை அந்த வரைபு தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். தலைமயிர் கறுப்புக்குத் திரும்புவதை உடனே காண்பீர்கள். நீலத் தளத்தில் இதற்கு எதிர்மாறு: வலது முக்கோணத்தை வரைபு முடியும் இடம்வரை உள்ளே கொண்டுவந்தால் வேட்டியும் தாளின் ஓரமும் வெள்ளையாகும். பச்சைத் தளத்தில் இரு முனைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக. இதன்பின்னும் முகம் சிவப்பாக நின்றால் சிவப்புத் தளத்தின் நடு முக்கோணத்தை 1.00இலிருந்து 0.85 பக்கம் இறக்குங்கள். கடைசியாக மட்டுமே நிறச்செறிவு, அதுவும் +10 அளவில். இந்த ஒழுங்கை மாற்றி முதலில் நிறச்செறிவைக் கூட்டினால் கறைகளும் சேர்ந்து பூக்கும்.

கண்ணாடி ஒட்டிய பகுதி சுற்றியுள்ளதைவிடக் கறுத்து, நிறம் கூடித் தெரியும். அதற்கு மாஸ்க் போட்டுத் தனி லெவல்ஸ் கொடுக்க வேண்டும். கூறையின் நிறம் உண்மையில் அரக்குச் சிவப்பா, கத்தரிப்பூ ஊதாவா என்பதை மென்பொருள் சொல்லாது. கலியாணத்துக்கு வந்த பெரியம்மா, மாமி யாரையாவது கேட்டு எழுதி வைத்துக்கொண்டு திருத்துங்கள். அந்தக் கூறையின் துண்டு ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (ஆலயத் திருவிழாக்களை எடுப்பவர், முள்ளியவளை): வற்றாப்பளை வைகாசிப் பொங்கலில் இரவில் எடுக்கும் படங்களில் சில முழுச் செம்மஞ்சள், சிலவற்றில் குறுக்கே நிறப் பட்டைகள். ஏன்?

பதில்: இரண்டும் வேறு. பட்டைகளுக்குக் காரணம் எல்ஈடி அலங்கார விளக்குகள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தரம் மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். எடுத்தபின் திருத்துவது மிகக் கடினம்.

செம்மஞ்சள் தீப்பந்தத்தாலும் கற்பூரத்தாலும் வருவது. தீயின் வெளிச்சம் 2000 கெல்வினுக்கு அண்மையில் நிற்கும். அதை முழுவதும் நடுநிலையாக்கினால் பூசை பகலில் நடந்ததுபோல ஆகும். வைற் பலன்ஸை 2800 முதல் 3200 கெல்வின் வரை வைத்து, சிவப்புத் தளம் வெடிக்காமல் எக்ஸ்போஷரை 2/3 ஸ்ரொப் குறைத்து எடுங்கள். ஹிஸ்ரோகிராமை (படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபை) மூன்று தளமாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த வரைபு சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு வலச்சுவரில் முட்டி நிற்பதுண்டு.

கேள்வி (வாசகர், வவுனியா): திரையில் அழகாக இருக்கும் படம் அச்சில் இருட்டாக வருகிறது. வாடாமல்லி நிறச் சேலை மங்கிப்போகிறது. கடைக்காரரின் பிழையா?

பதில்: பெரும்பாலும் திரையின் பிழை. கடையில் வாங்கியபடியே இருக்கும் திரை மிகப் பிரகாசமானது. அதில் பார்த்துத் திருத்தும்போது படத்தை நீங்களே இருட்டாக்கி விடுகிறீர்கள். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை தாளைப்போலத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். விண்டோஸின் இரவு வெளிச்சம், போனின் கண்காப்பு நிறம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மடிக்கணினித் திரையை எப்போதும் ஒரே சரிவில் வைத்துப் பாருங்கள்.

கோப்பை எஸ்ஆர்ஜிபியில் (திரைகளுக்கும் அச்சுக் கடைகளுக்கும் பொதுவான நிற வரம்பில்) கொடுங்கள். கமராவில் அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்து, கடையின் இயந்திரம் அதைக் கவனிக்காவிட்டால் நிறங்கள் எல்லாம் வெளிறும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

வாடாமல்லியின் கதை வேறு. அந்த ஊதாவைத் திரை காட்டும் அளவுக்கு மைகளால் காட்ட முடியாது. எல்லையைத் தாண்டிய நிறங்களை இயந்திரம் ஒரே நிறமாக நசுக்குவதால் சேலையின் மடிப்புகள் மறைகின்றன. சேலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு நிறச்செறிவை நீங்களே 10 முதல் 15 வரை குறைத்து, கொன்ராஸ்ரைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் மடிப்புகள் தப்பும். கமராவே அதை நீலமாகப் பதிந்திருந்தால் நீலத்தின் சாயலை ஊதாப் பக்கம் +10 தள்ளுங்கள்.

பெரிய அச்சுக்கு முன் அதே படத்தை எக்ஸ்போஷர் 0, +0.3, +0.5 என்று மூன்றாக ஒரே நாலாறு தாளில் அச்சிட்டு வாங்குங்கள். கடையின் ரியூப் லைற்றில் பார்த்து முடிவெடுக்காமல், வீட்டு யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்த்து, பிடித்த எண்ணைத் தாளின் பின்னால் கடையின் பெயரோடு எழுதி வையுங்கள். கடை மாறினால், சில வேளை அதே கடையில் தாள் மாறினாலும், புதிதாக ஒன்று அடிக்க வேண்டும்.